கன்சல்டன்ட் எழுதினால் உதவி, ஏஐ எழுதினால் மோசடியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பங்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், 'ஏஐ பக்கம் போன எந்த மாணவரும் நேர்மையானவர் அல்ல' என்று ஒரே போடாகப் போட்டிருந்தீர்கள். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து, பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்தியே கண் மங்கியவள் நான். எனக்குத் தெரியாத நேர்மை உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்கும். சரி.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகுதான் இந்த மோசடி பிறந்ததா? அதற்கு வெகு காலம் முன்பே வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கன்சல்டன்ட்கள் காசு வாங்கிக்கொண்டு எஸ்ஓபி என்ற விண்ணப்பக் கட்டுரை முழுவதையும் எழுதிக் கொடுத்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள். 'சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்' என்று தொடங்கும் ஒரே கட்டுரையை எத்தனை பிள்ளைகள் என்னிடம் நீட்டியிருக்கிறார்கள்! அதில் ஒருத்தி விண்ணப்பித்தது உயிரியலுக்கு. அந்த மகானுபாவர்களின் முழுப்பக்க விளம்பரம் உங்கள் பின்னட்டையில் வருவது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஏஐ எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டுவது மோசடி என்கிறது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளமான காமன் ஆப். பிரிட்டனின் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பான யூகாஸும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. யார் மறுத்தார்கள்? ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகமான கால்டெக், ஏஐ வைத்து இலக்கணப் பிழை பார்க்க அனுமதிக்கிறது. வேறு மொழியில் எழுதியதை ஏஐயிடம் கொடுத்து மொழிபெயர்ப்பது கூடாது என்கிறது. இன்னொரு அமெரிக்கப் பல்கலைக்கழகமான ஜார்ஜியா டெக், யோசனை திரட்டவும் திருத்தவும் பயன்படுத்தலாம் என்கிறது. கட்டுரையாளர் இதில் ஒன்றையாவது படித்தாரா?

'கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறது' என்று ஒரு மிரட்டல் வேறு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கும் மேலானவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகச் சொன்னதை, அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். என் மாணவி ஒருத்தி, ஆய்வகத்தில் தன் சோதனை சொதப்பியதைப் பற்றி என் கண்ணெதிரே பேனாவால் எழுதி, அப்புறம்தான் தட்டச்சு செய்தாள். அதையும் ஒரு இலவசக் கருவி சிவப்பாக்கிக் காட்டியது. உடனே அவள் தெளிவாக இருந்த வாக்கியங்களையெல்லாம் வேண்டுமென்றே குழப்பி எழுத ஆரம்பித்தாள். உங்கள் கட்டுரையைப் படித்தால் இன்னும் குழப்புவாள்.

எந்தப் பல்கலைக்கழகம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்று அடுத்த இதழில் அரைப் பக்கம் போடுங்கள். விளம்பரம் போக இடம் இருந்தால் போதும். என் முந்தைய கடிதத்தைப் பாதியாக வெட்டியதைப் போல இதையும் வெட்டுவதானால், பின்னட்டை பற்றிய வரியை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்