பிரேக் பேட் மாற்றுவதற்கு முன் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். நான் உங்கள் தொழில்காரன் அல்லன். கரும்பாலையில் முப்பது ஆண்டுகள் பம்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். குழாய்க்குள் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பது மட்டும் ஓரளவு தெரியும்.

சென்ற மாதங்களில் ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் பைன்டவுன் நோக்கி இறங்கும்போதெல்லாம், பிரேக்கை மிதித்தால் என் கார் வலப்பக்கம் பாய்ந்தது. 2013-ல் அந்தச் சரிவின் அடியில் ஒரு லாரி 24 உயிர்களைக் குடித்ததை நாம் யாரும் மறக்கவில்லை. முதல் பட்டறையில் பேட் (சக்கரத்தின் வட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) மாற்றினார்கள். இரண்டாவதில், மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர்: 4,200 ராண்ட். மூன்றாவதில் சக்கர அலைன்மென்ட். பாய்ச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

மூன்று இடத்திலும் ஒருவர்கூட ஜாக்கி போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கவில்லை. கடைசியில் நானும் பேரனும்தான் பார்த்தோம். அவன் மிதித்தான், இடது முன்சக்கரம் ராட்டினம்போல் சுற்றியது. பிடிக்கிற பக்கம்தானே கார் இழுக்கும்? வலப்பக்கம் இழுத்தால் குற்றவாளி இடப்பக்கம்.

மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகித்தவரிடம் ஒரு கேள்வி. என்னுடையதைப் போன்ற முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிந்தவை: இடது முன்பக்கமும் வலது பின்பக்கமும் ஒரு ஜோடி. அந்த ஜோடிக்கு அழுத்தம் தரும் சிலிண்டர் பாதி கெட்டால் இரண்டுமே தளர வேண்டும். என் வலது பின்சக்கரம் நன்றாகப் பிடித்தது. பிறகு எதற்கு 4,200 ராண்ட்?

அடுத்து, சக்கரத்தருகே பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகான நிப்பிளைத் திறந்தோம். வலப்பக்கம் பிரேக் ஆயில் பீச்சியது, இடப்பக்கம் சொட்டியது. அங்கேயும் பீச்சியிருந்தால் பேட்களை அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டனையோ நகரும் பின்களையோ பார்த்திருப்பேன். கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் அந்தப் பின்கள் துருவேறி இறுகுவது புதிதல்ல. (அவற்றுக்குச் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.) சொட்டியதால், கேலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸைக் கழற்றினேன். வெளியே பழுதே தெரியவில்லை. உள்ளே சுவர் பிரிந்து வழியை அடைத்திருந்தது. இரு பக்க ஹோஸையும் மாற்றி, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றியதும் கார் நேராக நின்றது.

பேட் மாற்றும்போது கேலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடும் வழக்கம் உங்களில் சிலரிடம் உண்டு. என் ஹோஸ் அதனால்தான் கெட்டது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் கேலிப்பரைக் கட்டித் தொங்கவிட ஒரு துண்டுக் கம்பி என்ன விலை?

நான் கேட்பது இதுதான். ஒரு பாகத்தை மாற்றும் முன், பழுதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பில்லில் ஒரு வரி எழுதுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் கொடுங்கள். இந்த நாட்டில் சொந்தக் கார்கள் பெரும்பாலும் கைமாறும்போதுதான் சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வர்த்தி சோதனைக்குப் போகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் அவற்றின் அடியில் குனிந்து பார்ப்பவர்கள் நீங்கள் மட்டுமே.

அந்த ஹோஸை நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறேன். வேலை பழகும் தம்பிகள் வந்தால் காட்டுகிறேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் வரவேண்டாம். அன்று வீட்டில் பூசை, எண்ணெய்க் கையோடு யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு பம்பு பிட்டர்