அஞ்சலையும் செல்வியும் ஒரே ஆள் அல்ல

கடலூர், புதுச்சேரி மருத்துவமனைகளுக்கும் லேப்களுக்கும் மென்பொருள் இணைப்பு செய்து தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கணினி வேலை பார்க்கிறேன். எங்களிடம் ரத்தம் கொடுப்பவர்கள் பலரும் வைத்தியத்துக்குப் புதுச்சேரி போகிறவர்கள். ரிசல்ட் தானாகவே அங்கே போய்ச் சேரட்டும் என்று இரண்டு பக்க மென்பொருளையும் நடுவில் ஓர் இணைப்பு மென்பொருள் போட்டுச் சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் பதிந்த பெயரெல்லாம் ஒழுங்காகப் போனது. தமிழில் பதிந்த முதல் நாளே சிக்கல்.

திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரி. இரண்டிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு கேள்விக்குறி. ஒருவர் அஞ்சலை, இன்னொருவர் செல்வி. நம் கண்ணுக்கு அஞ்சலை நான்கு எழுத்து, செல்வி மூன்று. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யுனிகோடு முறையில் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறிகள் என்பதால் இரண்டு பெயருமே ஆறு குறிகள். குறிக்கு ஒன்றாகக் கேள்விக்குறி விழுந்து, இருவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். ஒருவருக்குச் சர்க்கரை 90, மற்றவருக்கு 310. பதிவு எண்ணைப் பார்த்துச் செவிலியர் பிரித்துக் கொடுத்தார். அவர் அன்று அவசரத்தில் இருந்திருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

"டேபிளை யுனிகோடுக்கு மாற்றியாச்சே" என்றார்கள் இணைப்பைச் செய்தவர்கள். உண்மைதான், டேட்டாபேஸில் பெயர்களைச் சேமிக்கும் அந்த டேபிள் மாறியிருந்தது. ஆனால் டேட்டாபேஸுக்குப் போகும் இணைப்பு மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய லத்தீன்-1 முறையிலேயே நின்றது. அதில் தமிழுக்கு இடமே கிடையாது. பெயர் டேபிளைத் தொடும் முன்பே கேள்விக்குறியாகிவிட்டது. ஒரு பெயர் நாலைந்து கை மாறித்தான் போகிறது. அதில் ஒரு கை தவறினாலும் போச்சு. ஜாவாவில் ஓடும் இணைப்பு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைக் கணினிக்கான எண்களாக (பைட்டுகளாக) மாற்றும் முறையான என்கோடிங் எது என்று நாம் சொல்லாவிட்டால், பழைய பதிப்புகள் விண்டோஸில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். 2022இல் வந்த ஜாவா 18 முதல்தான், யுனிகோடுக்கான யுடிஎஃப்-8 முறை சொல்லாமலே தானாக அமைந்தது.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் வெறும் 'யுடிஎஃப்8' என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது குறிக்கு மூன்று பைட்டோடு நின்றுவிடும். அன்றாடத் தமிழ் அதில் அடங்கும். இமோஜியும், 2019இல் யுனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் அடங்காது. 'யுடிஎஃப்8எம்பி4' என்றே வையுங்கள். எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ் என்றால், பெயருக்கு யுனிகோடு ஏற்கும் என்வார்கேர் வகையை வையுங்கள். டேட்டாபேஸுக்கு அனுப்பும் வினவலில் நேரடியாக எழுதும் தமிழுக்கு முன்னால் அந்த 'என்' (N) எழுத்தையும் மறக்கக் கூடாது. ஆரக்கிள் டேட்டாபேஸில் பெயரின் நீளம் 20 என்று போட்டால், மாற்றிச் சொல்லாதவரை அது 20 பைட். யுடிஎஃப்-8இல் அன்றாடத் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். அஞ்சலை 18இல் தப்பிவிடுவார். சௌந்தரவல்லிக்கு 33 வேண்டும்.

அப்புறம், ஏற்கெனவே கெட்டுப்போன பெயர்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். சில இடங்களில் கேள்விக்குறி வராது; தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'a' (à) வரிசையாக வரும். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தப் பிரெஞ்சு எழுத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. யுடிஎஃப்-8இல் அன்றாடத் தமிழ்க் குறி எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. அதை லத்தீனாக வாசித்தால் அந்த எழுத்துதான் தெரியும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். வெட்டுப்படாமல், ஒரு பைட்டும் தொலையாத வரை பெயர் அதற்குள் முழுசாக இருக்கிறது, மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகச் சேமித்தது போனது போனதுதான்.

"வம்பு எதற்கு, ஆங்கிலத்திலேயே பதியுங்களேன்" என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அஞ்சலையம்மாள் பிறந்த ஊர் இது. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். தமிழில் ஒரே விதம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இணைப்பை ஒப்படைக்கும் முன் அஞ்சலை, செல்வி, சௌந்தரவல்லி என்ற மூன்று பெயரை இந்த முனையில் பதிந்து, அந்த முனையில் ரிப்போர்ட்டாக அச்செடுங்கள். சௌந்தரவல்லியை, பலர் தட்டுவதுபோல் கொம்பும் 'ள'வும் சேர்த்து (கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு) ஒருமுறை பதிந்து, தேடலில் கிடைக்கிறாரா என்றும் பாருங்கள். அரை மணி நேர வேலை. அடுத்த முறை எங்கள் லேபுக்கு வரும்போது அந்தத் தாளோடு வாருங்கள். கூட உட்கார்ந்து நானும் சரிபார்க்கிறேன்.

இப்படிக்கு,
லேப் கணினிப் பணியாளர், கடலூர்