ரேடார் படம் யாருக்கு முதலில்?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் விண்வெளித் திட்டங்கள் ராணுவத்தின் பக்கம் சாய்கின்றன என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் வருந்தியிருந்தீர்கள். வருத்தம் நியாயம்தான். ஆனால் பாதுகாப்பு நோக்கம் நேற்று வந்து ஒட்டிக்கொண்டது போல எழுதியதை ஏற்க முடியவில்லை.

ஐரோப்பாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான கலிலியோவையே எடுத்துக்கொள்வோம். 2000 மே மாதம் வரை ஜிபிஎஸ் துல்லியத்தை அமெரிக்கா பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்துத்தான் கொடுத்தது. இன்னொரு நாட்டு ராணுவத்தை நம்பியிருக்க வேண்டாம் என்றுதான் சிவில் கட்டுப்பாட்டில் கலிலியோ வந்தது. அதற்குள்ளேயே அரசுகள் அனுமதித்தவர்களுக்கு மட்டுமான பிஆர்எஸ் என்ற ரகசியச் சேவையும் இருக்கிறது. பிரெக்சிட்டின்போது பிரிட்டனுடன் கசப்பு முற்றியது இதில்தான். திறந்த சிக்னலை உலகில் யாரும் பயன்படுத்தலாம். உருவாக்கத்தில் பங்கெடுத்த நாட்டுக்கோ பிஆர்எஸ்ஸின் பாதுகாப்புப் பணிகளில் கதவு சாத்தப்பட்டது.

என்னை அதிகம் உறுத்துவது பூமியைக் கண்காணிக்கும் ஐரோப்பியத் திட்டமான கோபர்நிகஸ். அதன் சென்டினல்-1 செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடார் படத்தைப் பாருங்கள். கடல் சாம்பல் நிறத்தில் இருக்கும். எண்ணெய் சிந்திய இடம் மட்டும் கறுப்புத் திட்டாகத் தெரியும். எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அமுக்கிவிடுவதால் ரேடார் அலை அங்கிருந்து சரியாகத் திரும்புவதில்லை. பக்கத்திலேயே வெள்ளைப் புள்ளியாக ஒரு கப்பல். இரவு, மேகம் எதுவும் தடையில்லை. வெள்ளம் சூழ்ந்த ஊர்களையும் இதே ரேடார்தான் காட்டிக்கொடுக்கிறது. இந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய விஷயம். அதே கோபர்நிகஸின் பாதுகாப்புச் சேவையில் எல்லைக் கண்காணிப்பை நடத்துவது ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக்காவல் அமைப்பான ஃப்ரான்டெக்ஸ்.

2021 டிசம்பரில் சென்டினல்-1 ஜோடியில் ஒன்றான 1பி பழுதானது. மாற்றாக 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரில். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒற்றை ரேடார் செயற்கைக்கோளை வைத்துத்தான் ஓட்டினார்கள். அப்படி ஆள் குறையும்போது வெள்ள மீட்புக்கு முதலிடமா, எல்லைக்கா? இந்த வரிசையை எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். உயிர் காக்கும் வேலைக்கே முதலிடம் என்பது என் கட்சி.

அப்புறம் இன்னொன்று. பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் இந்தச் சேவைகள் குறித்து உத்தரவிடும் அதிகாரம் 2021 முடிவின்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் கவுன்சிலுக்கு உண்டு. அவசரத்தில் வெளியுறவு உயர் பிரதிநிதியே தற்காலிக உத்தரவு போடலாம். போர்க்காலத்தில் இது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பயன்படுத்தினால் குறித்த கெடுவுக்குள் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பகிரங்கமாகக் காரணம் சொல்லியாக வேண்டும். ராணுவத் தேவைக்கான செலவும் ராணுவ வரவுசெலவிலிருந்தே வரட்டும். பருவநிலையைக் கண்காணிக்க ஒதுக்கிய பணத்தில் கை வைக்க வேண்டாம்.

அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது இவற்றை அழுத்திக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்