மூன்றாவது மாதமும் கூட வந்தவர்களுக்கு

பட்டர்வொர்த்தில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் அனைவருக்கும், பினாங்குத் தீவில் இருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் சிறுநீரகம் பாதித்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. இவ்வளவு தாமதமாக நன்றி சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டுக்கு வந்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். மூன்று மாதம் கழித்துத்தான் முடியவில்லை என்று தெரிந்தது. அந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் நன்றி சொன்னால் உதவி செய்தவர்களில் பாதிப் பேரை விட்டுவிட்டதாகிவிடும்.

வெள்ளம் வடிந்த பிறகு நண்பர் வீட்டில் சேறு அள்ளப் போனார். காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தது, பூட்ஸ் போடவில்லை. ஒரு வாரத்தில் காய்ச்சல். கெண்டைக்கால் வலி தாங்காமல் லோரியில் பிரேக்கை மிதிக்க முடியவில்லை என்றார். கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். போதவில்லை என்று வீட்டில் மிச்சமிருந்ததையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். வாந்தி, வயிற்றுப்போக்கு வேறு. காய்ச்சல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நானும் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பின்வரிசை வீட்டு டிரசர் தாத்தா எட்டிப் பார்த்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் டாக்டருக்கு உதவியாளராக, அதாவது டிரசராக, வேலை பார்த்தவர். நெற்றியைத் தொடவில்லை, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்கவில்லை. கண்ணை விரித்துப் பார்த்தார், கெண்டைக்காலை அழுத்தினார், இவர் அலறினார். பிறகு, "கடைசியா எப்போப்பா ஒன்னுக்குப் போனே?" என்று கேட்டார்.

இவர் யோசித்தார். நானும் யோசித்தேன். முந்தின நாள் சாயங்காலம்.

"அம்மாடி, துணிமணி எதுவும் எடுக்காத. இப்பவே கிளம்பு." தாத்தா, அந்த ஒரு கேள்விக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

பக்கத்து வீட்டு மக்சிக், எங்கள் மலாய் அத்தை, தன் மைவி காரை எடுத்தார். மழை கொட்டிய அந்த ராத்திரியில் தீவுக்குப் போகும் 13.5 கிலோமீட்டர் பாலத்தையும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார். பாதிப் பாலத்தில் ஒரே ஒரு முறை என் கையைப் பிடித்தார். தெரிமா காசே, நன்றி மக்சிக்.

எலிச் சிறுநீரால் வருகிற காய்ச்சல் என்றார்கள், இங்கே எல்லாரும் கென்சிங் தீக்குஸ் என்று சொல்வது. ரத்தத்தில் கிரியேட்டினின் 812. கம்பெனியில் முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் அது 88 ஆக இருந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. இத்தனை மடங்கு ஏறியிருந்தால் வேலை ஏறக்குறைய நின்றுவிட்டது என்று பொருள். இதைத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்கிறார்கள். கிருமி ஒரு பக்கம் அடித்தது, உடம்பில் தண்ணீர் வற்றியது ஒரு பக்கம், அதற்கு மேல் வலி மாத்திரை. தண்ணீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கிவிடாமல் காக்க உடம்பே ஒரு பொருளைச் சுரக்கிறதாம். டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே நிறுத்திவிடும். இதை வார்டுக்கே வந்து பொறுமையாக விளக்கிய மருந்தாளர் தங்கைக்கு நன்றி. என் கைப்பையில் அந்த மாத்திரை அட்டை அப்போதும் இருந்தது.

கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். முதல் தடவை 2 மணி நேரம்தான், உடம்பு பழக வேண்டுமாம். அப்புறம் 4 மணி நேரம். மொத்தம் ஐந்து தடவை.

இந்த இடத்தில் வார்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இளநீர் கொண்டுவந்தார்கள். சிறுநீரகம் என்றாலே நமக்கு இளநீர்தானே, குளிர்ச்சி, நீர் பிரியும் என்று. கட்டிலுக்கடியில் ஏழு இருந்தன. மிஸ்ஸி அவற்றைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனால் கத்தவில்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, இதுல பொட்டாசியம் ஜாஸ்தி. இவருக்கு இப்ப அதை வெளிய தள்ள வழியில்லை. ரத்தத்துல சேர்ந்தா இதயம் நின்னுடும்" என்றார். பெரியம்மா அழுதுவிட்டார். மிஸ்ஸி அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார், ஐந்து நிமிடமாவது. பிறகு ஏழு இளநீரையும் வேலை முடிந்து போகிற தோழிகளுக்குக் கொடுக்கச் சொல்லிப் பெரியம்மா கையாலேயே கொடுக்க வைத்தார். அன்பாகக் கொண்டுவந்தவர் மனம் நோகாமல் ஓர் உயிரைக் காப்பாற்றிய விதம் அது. மறக்க மாட்டேன்.

பத்தாம் நாள் சிறுநீர் பிரிந்தது. பத்தொன்பதாம் நாள் வீடு. கிரியேட்டினின் 168. சம்பளத்தை நிறுத்தாத முதலாளி தவுக்கேக்கும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், முறை வைத்து இரவுச் சாப்பாடு கொடுத்த கோயில் மகளிர் குழுவுக்கும் நன்றி. உங்களால்தான் அந்த மூன்று வாரம் ஓடியது.

இனி இரண்டாவது பாதி.

இவர் சாப்பிட்டார், நடந்தார், லோரி எடுத்தார். முதல் சந்திப்பில் எண் இன்னும் இறங்கியிருந்தது. மூன்றாவது மாதத்துக்கு ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இவர் அன்றைக்கு ஈப்போ லோடு ஒத்துக்கொண்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். என் தப்பும்தான்.

நாத்தனார் விடவில்லை. கூலிமிலிருந்து விடிகாலையில் வந்து இறங்கினார். "தம்பி, சட்டையை மாட்டு." அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்குக் கிரியேட்டினின் 140. குறைந்துவிட்டதே என்று நாங்கள் சிரித்தோம். அந்த இளம் டாக்டர் சிரிக்கவில்லை. அவர் இவருடைய எடையைக் கேட்டார். 9 கிலோ குறைந்திருந்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் சிறுநீரகம் தேறாமலேயே எண் இறங்கிக் காட்டும் என்றார். சிறுநீரைப் பரிசோதித்தார், புரதம் கசிந்தது. வடிகட்டும் திறன் 54, நல்ல சிறுநீரகத்துக்கு 90க்கு மேல் இருக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டியும் இப்படி இருந்தால் அதற்குப் பெயர் நாட்பட்ட சிறுநீரக நோய். மூன்றாம் நிலை.

எனக்குப் புரியவில்லை. எலிக்காய்ச்சல் போய்விட்டது, குழாயை எடுத்துவிட்டார்கள், பிறகு எங்கிருந்து வந்தது இந்த நோய்? டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாகாது. அடிபட்டவற்றில் சில நன்றாக ஆறும், சில தழும்பாகிவிடும். மிச்சமிருப்பவை செத்தவற்றின் வேலையையும் சேர்த்து இழுக்கும், இழுத்து இழுத்து அவையும் தேயும். வெளியே ஒன்றும் தெரியாது. வலிக்காது, வீங்காது.

வீட்டுக்கு வந்து டிரசர் தாத்தாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரப்பர் பால் மரத்தைப் பார்த்திருக்கியா? கத்தி ஆழமா இறங்கி உள் மரத்தைத் தொட்டுட்டா பட்டை திரும்ப வரும்தான். ஆனா முண்டு முண்டா வரும். அந்த இடத்துல சரியா பால் வராது. மிச்சப் பட்டையைப் பார்த்துப் பார்த்து வெட்டணும்" என்றார். அன்று ராத்திரிதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இப்போது அந்த மிச்சப் பட்டையைத்தான் பார்த்துக்கொள்கிறோம். ரத்த அழுத்தத்துக்கும் புரதக் கசிவுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை. வாந்தி பேதி வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும் என்று ஓர் அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். உடம்பு வலித்தால் பாராசிட்டமால் மட்டும். கருவாடும் ஊறுகாயும் குறைந்தன. ஒரு நாள் உப்பு மொத்தமே 5 கிராம், ஒரு டீஸ்பூன். எங்கள் வாசலில் காய்த்துத் தொங்கும் பெலிம்பிங் பழத்தை, அதுதான் நட்சத்திரப் பழம், இவர் தொடவே கூடாது என்று சொன்ன உணவு ஆலோசகருக்குத் தனி நன்றி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையைப் பாதிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. தினமும் பறித்து உப்பு தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் எடுத்ததில் வடிகட்டும் திறன் 55. புரதக் கசிவு பாதியாகிவிட்டது. டாக்டர் அன்றைக்குச் சிரித்தார்.

டாக்டர், நீங்கள் அந்த எடையைக் கேட்காமல் இருந்திருந்தால் நாங்கள் 140ஐப் பார்த்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்போம். கூலிம் அக்கா, நீங்கள் அன்று பஸ் ஏறாமல் இருந்திருந்தால் அந்த அறைக்கே போயிருக்க மாட்டோம். ஆஸ்பத்திரியில் இருந்தபோது எல்லாரும் வந்தார்கள், அது பெரிய விஷயம். தேறிவிட்டார் என்று எல்லாரும் சொன்ன பிறகும் வந்தீர்களே, அதற்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

இந்தத் தைப்பூசத்துக்கு இவர் பால்குடம் எடுக்கிறார், மாமியாரின் வேண்டுதல். டாக்டரிடம் கேட்டுவிட்டோம். வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பி, வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே போகச் சொல்லியிருக்கிறார். நாத்தனார் பாட்டிலோடு கூடவே நடப்பார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தல் போடும் நண்பர்களே, இவரைப் பார்த்தால் நிறுத்தி ஒரு குவளை கொடுங்கள். மோர் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். பச்சைத் தண்ணீர் போதும்.

நன்றியுடன்,
பட்டர்வொர்த்திலிருந்து, அவர் மனைவி