பொதுத் தொலைநோக்கிக்கு நன்கொடை கேட்கிறோம்: பணம் எங்கெங்கே போகும் என்ற கணக்கோடு

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் வட்டார நண்பர்களுக்கு வணக்கம்.

பேரையூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் எல்லோரும் வந்து பார்க்கும்படி 8 அங்குல விட்டக் கண்ணாடியில் ஒளியைக் குவித்து, கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்றைச் செய்து வைக்கப் போகிறோம். கூடவே, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதற்கு 4.5 அங்குல மேசைத் தொலைநோக்கிகள் இரண்டு. மொத்தச் செலவு 1,41,000 ரூபாய். எங்கள் வான்நோக்குக் குழு உறுப்பினர்கள் போட்டதில் 46,000 கையில் இருக்கிறது. மீதி 95,000 ரூபாய்க்குத்தான் இந்த வேண்டுகோள்.

தொலைநோக்கி என்றதும் முதலில் வருகிற கேள்வி, "எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?" கடைகளில் 60 மி.மீ. தொலைநோக்கிப் பெட்டிமேல் "525 மடங்கு" என்று அச்சடித்திருப்பார்கள். முன்வில்லையின் (அல்லது பெரிய கண்ணாடியின்) விட்டத்தை மி.மீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் எல்லை. அதற்குமேல் போனால் உருவம் பெரிதாகும், விவரம் அதிகமாகாது, மங்கலாகும். 60 மி.மீ.க்கு 120 மடங்கு, அதுவும் கால் ஆடாமல் நின்றால். அந்தப் பெட்டியோடு வருகிற முக்காலியோ, ஃபோகஸ் திருகைத் தொட்டாலே நிலாவை ஆட்டிவிடும். பரணில் கிடக்கிற தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை கண்ணாடி கெட்டுப்போய் அங்கே ஏறவில்லை. கால் சரியில்லை, ஈரம் ஏறிவிட்டது, கண்ணாடியை நேர்படுத்தத் தெரிந்தவர் இல்லை. அதனால்தான் எங்கள் கணக்கில் 8 அங்குலக் கண்ணாடி ஜோடிக்கு (ஒளியைக் குவிக்கும் பெரிய கண்ணாடி, அதைப் பக்கவாட்டில் திருப்பும் சின்னச் சாய்வுக் கண்ணாடி) 28,000, அதாவது ஐந்தில் ஒரு பங்கு மட்டும். வீட்டுக்குக் கொடுக்கும் சிறிய தொலைநோக்கிகள் போக, மற்றதில் பெரும்பகுதி அதைத் தாங்கவும் காக்கவும் போகிறது.

8 அங்குலம் ஏன், 12 ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: 203 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவிய நீளம், எஃப்/6 (குவிய நீளத்தை விட்டத்தால் வகுத்தால் ஏறத்தாழ 6). இருட்டில் 7 மி.மீ. விரியும் கண்ணைவிட ஏறத்தாழ 840 மடங்கு ஒளியை வாங்கும். குழாய் காரின் பின் சீட்டில் படுக்கும், ஒருவரே தூக்கலாம். தலைக்கு நேர்மேலே திருப்பினாலும், கண் வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸ் பெரியவரின் மார்பு உயரத்தைத் தாண்டாது, பிள்ளைகளுக்கு ஏறி நிற்க ஒரு ஸ்டூல் போதும். 12 அங்குலத்துக்கு இரண்டு பேரும் ஒரு வேனும் வேண்டும். அப்படிப்பட்டதை மாதம் ஒருமுறை வெளியே எடுத்தாலே பெரிய விஷயம். தவிர, எஃப்/5, எஃப்/4 என்று குறையக் குறைய கண்ணாடி இம்மி விலகினாலும் படம் கெடும். எஃப்/6 கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கண்ணாடி வந்ததும் ஒரு பிரகாசமான விண்மீனைக் குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தள்ளிப் பார்ப்போம். இரண்டு பக்கமும் வளையங்கள் ஒரே மாதிரி இல்லையென்றால் திருப்பி அனுப்புவோம் என்று பேசித்தான் முன்பணம் கொடுப்போம்.

இனி கால். அமெரிக்காவில் ஜான் டாப்சன் நடைபாதையில் போகிறவர்களுக்கு வானம் காட்டப் பயன்படுத்திய அமைப்பு இது: மரப்பெட்டி, மேலும் கீழும் சாய ஒரு தாங்கி, வட்டமாகச் சுற்ற ஒரு தாங்கி. மோட்டார் கிடையாது, கையால் தள்ளுவதுதான். ஆனால் தள்ளுவது வழுவழுவென்று இருக்க வேண்டும். காரணம் இது: 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் (குவிய நீளம் 1200ஐ 10ஆல் வகுக்க) 120 மடங்கு. பார்வைப் புலம் (ஒரே நேரத்தில் தெரியும் வானத்தின் அகலம்) அரை பாகைக்கும் குறைவு. பூமி சுற்றுவதால் வியாழன் அந்தப் புலத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஏறக்குறைய 100 விநாடியில் கடந்துவிடும்; 200 மடங்கில் ஒரு நிமிஷம்தான். வரிசையில் நாற்பது பிள்ளைகள் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் தள்ளிக் கொடுக்க வேண்டும். தாங்கி ஒட்டிப் பிடித்துச் சட்டென்று விட்டால் கோள் புலத்தைத் தாண்டி ஓடிவிடும், அப்புறம் குழாய்மேல் குறிபார்க்க மாட்டும் ஃபைண்டரில் தேடவேண்டியதுதான்.

இதற்கு மருந்து டெஃப்லான் துண்டும் சொரசொரப்பான மைக்கா ஷீட்டும். பளபளப்பான மைக்கா வேண்டாம், அதுதான் ஒட்டிப் பிடிக்கும். கீழ்த்தட்டில் 25 மி.மீ. சதுரத்தில் மூன்று டெஃப்லான் துண்டுகள், நேர் கீழே இருக்கும் மூன்று கால்களுக்கு மேலேயே வரும்படி. குழாயும் பெட்டியும் சேர்ந்து 16 முதல் 18 கிலோ. மூன்று துண்டின் பரப்பு 19 சதுர செ.மீ. ஆக ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ, டெஃப்லான் நன்றாக வழுக்குவது இந்த அழுத்தத்தில். துண்டைப் பெரிதாக வெட்டினால் நல்லது என்று தச்சர் சொல்வார். சொல்லட்டும், பரப்பு கூடினால் அழுத்தம் குறைந்து, நகரத் தொடங்கும்போது பிடிக்கும். பலகை 18 மி.மீ. மெரைன் பிளை. சாதாரண பிளைவுட் இரண்டு பனிக்காலத்தில் பிரிந்துவிடும். தயாராக வாங்கும் தொலைநோக்கிகளின் தூள்பலகை அடித்தட்டோ ஈரப்புல்லில் வைத்தால் கால் பக்கம் உப்பிவிடும். வெட்டிய விளிம்புகளுக்கு மூன்று கை வார்னிஷ் கட்டாயம். மரம், மைக்கா, டெஃப்லான், போல்ட், கூலி எல்லாம் 11,500. ஐபீஸை முன்பின் நகர்த்திப் படத்தைத் தெளிவாக்கும் ஃபோகஸருக்கு 6,500, பெரிய கண்ணாடியின் கூடு, சாய்வுக் கண்ணாடியைக் குழாய் நடுவில் பிடிக்கும் சிலந்திக்கால், ஃபைண்டர் மூன்றுக்கும் 9,000.

ஐபீஸ் மூன்றுதான், 15,000 ரூபாய்: 32 மி.மீ., 10 மி.மீ., 6 மி.மீ. இதில் 6 மி.மீ.க்கு மலிவான பிளாசல் வகை ஐபீஸ் வாங்கப் போவதில்லை. அதில் கண்ணை வில்லைக்கு 4 மி.மீ. அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். இமை முடி உரசும், மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு ஒன்றும் தெரியாது, சின்னப் பிள்ளைகள் விரலை வைத்துவிடுவார்கள். கண் தள்ளி நின்று பார்க்கும் வகை விலை கூடுதல், ஆனால் பொது இடத்துக்கு அதுதான் சரி. சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பாகத் திரும்பி மறைந்துபோனது; இனி 2032 வரை ஆண்டுக்காண்டு விரியும். அதைப் பார்க்க 6 மி.மீ. தரும் 200 மடங்கு நமக்குத் தேவைப்படும்.

இடம் ஏன் பேரையூர் என்றால், நமக்குத் தெற்கு வானம் வேண்டும். அழகர்மலைப் பக்கம் போனால் இருட்டு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மதுரையின் வெளிச்சம் முழுக்கத் தெற்கே நிற்கும். நம் அட்சரேகையில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து தெற்கே 32 பாகை உயரம் வரை ஏறுகிறது, மே கடைசி வாரத்தில் இரவு 9 மணியளவில். ஈட்டா கரினா நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகமும் 20 பாகை ஏறும். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவர் இவற்றை வீட்டிலிருந்து பார்க்கவே முடியாது. மொட்டைமாடி வேண்டாமா என்றால், கான்கிரீட் பகல் சூட்டை நடுராத்திரி வரை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சூடான காற்று குழாய்க்கு முன்னால் எழும்பி, கோள் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல நெளியும். மண்தரைதான் நல்லது.

அதிகம் கெடுப்பது ஈரம். கார்த்திகை முதல் தை வரை தெளிந்த இரவில் கண்ணாடியும் உலோகமும் வானத்தைப் பார்த்துச் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, பனி பிடிக்கும். குழாயின் அடியில் இருக்கும் பெரிய கண்ணாடி தப்பித்துவிடும். மாட்டிக்கொள்வது ஃபைண்டரும், ஐபீஸும், வாய்ப் பக்கம் இருக்கும் சாய்வுக் கண்ணாடியும். சாய்வுக் கண்ணாடிக்குப் பின்னால் 330 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர்கள் மூன்றைப் பக்கவாட்டில் இணைத்து 12 வோல்ட் கொடுத்தால் 1.3 வாட் சூடு வரும். அவ்வளவு போதும், கூடினால் படமே நெளியும். ரெசிஸ்டர் இருபது ரூபாய்கூட ஆகாது. பேட்டரி, சார்ஜர், ஐபீஸுக்குச் சூட்டுப்பட்டை, பெரிய கண்ணாடியின் முதுகில் காற்று ஊதக் கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்று என்று சேர்த்து 5,000.

பார்த்து முடித்ததும் மூடியைப் போட்டுவிடுவது எல்லோரும் செய்கிற காரியம். பூஞ்சை தொடங்குவதே அங்கேதான். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூத்துவிடும். உள்ளே கொண்டுவந்து, திறந்தபடி ஃபேனுக்கடியில் வைத்து, காய்ந்த பிறகே மூட வேண்டும். ஐபீஸ்கள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் மின் அலமாரிக்குப் போகும், அதற்கு 12,000. 60ஐத் தாண்டி நாட்கணக்கில் இருந்தால் வில்லைக்குள் நூல் நூலாகப் படரும். துடைத்தாலும் பூச்சை அரித்த தடம் போகாது. மின்சாரம் போனால் கை கொடுக்க, ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரைக் கிலோவும் இருக்கும். நிறம் மாறியதும் வாணலியில் மிதமாக வறுத்து மறுபடி போடலாம். குழாய்க்குள் குளவி கூடு கட்டாமல், பல்லி புகாமல் இருக்க நுண்வலை ஒட்ட வேண்டும். கொசுவிரட்டிக் களிம்பு தடவிய கையோடு ஐபீஸைத் தொடக்கூடாது என்று ஒரு பலகையும் வைப்போம். அது பிளாஸ்டிக்கைத் தின்னும், வில்லைப் பூச்சையும் கெடுக்கும்.

பெரிய கண்ணாடியை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கழுவத் தேவையில்லை. கொஞ்சம் தூசி படத்தைக் கெடுக்காது, துணியால் துடைத்தால்தான் கீறும். ஓடும் தண்ணீரில் மண்ணைப் போக்கி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் பஞ்சை அதன் எடையிலேயே இழுத்து, கடைசி அலசலுக்குப் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். நம் போர்த் தண்ணீரில் அலசினால் உப்புப் புள்ளி நிச்சயம். இத்தனை பார்த்துக்கொண்டாலும் அலுமினியப் பூச்சு சில ஆண்டுகளில் மங்கும். மறுபூச்சுக்கு 10,000 ரூபாயை இப்போதே தனியாக வைக்கிறோம். இதைத் தள்ளிப்போட்டால், தேவைப்படும் ஆண்டில் மறுபடி உண்டியலோடு வர வேண்டியிருக்கும்.

கண்ணாடி நேர்படுத்தும் கருவிக்கு 3,000. லேசர் வாங்கவில்லை. மலிவான லேசர் தன் குழாய்க்குள்ளேயே கோணலாக இருக்கும். ஃபோகஸரில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள், புள்ளி வட்டம் போட்டால் அது உங்களைத்தான் ஏமாற்றுகிறது. அதற்குப் பதில் வாங்கும், துளையும் சாய்ந்த பளபளப்புத் தட்டும் கொண்ட செஷயர் குழாயில் கெட ஒன்றுமில்லை.

வீட்டுக்குக் கொடுக்கும் இரண்டு தொலைநோக்கிகளுக்கு 36,000. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து அமெச்சூர்கள் 2008 முதல் நூலகங்களுக்கு இந்த 4.5 அங்குல வகையைக் கொடுத்து வருகிறார்கள். அவர்களிடம் கற்க வேண்டியது, கழன்று விழக்கூடிய எதையும் கழலவிடாமல் கட்டிவைப்பது: 8 முதல் 24 மி.மீ. வரை மாறும் ஜூம் ஐபீஸ் ஒன்றைத் திருகிப் பூட்டிவிட்டால், தொலைக்க ஒன்றும் இல்லை. மூடிகளும் கயிற்றில் தொங்கும்.

கடைசியாகச் சூரியன். 2031 மே 21 வளையக் கிரகணம் தேனி, மதுரை, காரைக்குடி வழியாகப் போகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கண்டது நமக்குப் பக்கத்துக் கொடைக்கானலில்தான். புள்ளிகளைக் காட்டாமல் இருக்க முடியாது. ஏ4 அளவு சூரிய வடிகட்டித் தாளின் அகலம் 8 அங்குலக் குழாயை மூடக் காணாது. தேவையும் இல்லை. மூடி ஒன்றில், சாய்வுக் கண்ணாடியின் நிழல் படாத பக்கமாக 70 மி.மீ. துளை போட்டு அதில் தாளைப் பொருத்தினால் போதும். ஒரே தாளில் மூன்று தொலைநோக்கிக்கும் வரும், உதிரியும் மிஞ்சும். மூடிகளும் பூட்டுகளும் சேர்த்து 5,000. ஐபீஸில் திருகும் கறுப்பு 'சன்' கண்ணாடி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து உடைத்துப் போடுங்கள்: குவிந்த சூட்டில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும். பகலில் ஃபைண்டரைக் கழற்றிவிடுவது எங்கள் விதி.

பணமாகத் தருபவர்கள் பொருளாளரிடமோ குழுவின் வங்கிக் கணக்கிலோ செலுத்தலாம். கணக்கு எண் ரசீதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. ரசீது வாங்காமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். கணக்கை இருவர் கையெழுத்தில்தான் இயக்க முடியும். ஒவ்வொரு பில்லும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். குழு பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளை அல்ல, எனவே வருமானவரி விலக்கு கிடைக்காது. தந்தவர் பெயரைக் குழாயில் எழுதும் வழக்கம் வைக்கவில்லை. தொகை மிஞ்சினால் மறுபூச்சு நிதிக்குப் போகும்; குறைந்தால் சிறிய தொலைநோக்கி இரண்டுக்குப் பதில் ஒன்று வாங்குவோம், மரத்திலும் அலமாரியிலும் கைவைக்க மாட்டோம்.

பொருளாகவும் தரலாம்: மிஞ்சிய 18 மி.மீ. மெரைன் பிளை, நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி யு.பி.எஸ். பேட்டரி, நடு போல்ட்டுக்கு ஒரு புஷ் கடைந்து தர லேத் வைத்திருப்பவரின் அரை மணி நேரம். பரணில் 60 மி.மீ. தொலைநோக்கி கிடந்தால் அதையும் கொண்டுவாருங்கள். முன்வில்லை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மரக்கால் போட்டு உங்களுக்கே திருப்பித் தருகிறோம், மரத்துக்கு ஆகும் காசை மட்டும் கொடுத்தால் போதும்.

ஆவணிக்குள் தொகை சேர்ந்தால் கண்ணாடிக்குச் சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்தை வெட்டிப் பொருத்தும் வேலை உள்ளே நடக்கும். அந்த ஈரத்தில் வார்னிஷ் காயாது, ஆகவே பூச்சு மார்கழி வெயிலில்தான். தை மாத முதல் சனிக்கிழமை இரவிலிருந்து மைதானத்தில் பார்க்கலாம். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு வாருங்கள்.