அச்சு அசலாகப் பாடினால் முழு மதிப்பெண்ணா?

பாட்டுப் போட்டிகளில் நடுவர் நாற்காலியில் அமரும் பெருமக்களுக்கு,

வணக்கம். உங்கள் காதின் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சுருதி இம்மியளவு இறங்கினாலும் பிடித்துவிடுகிறீர்கள். தாளம் எந்த இடத்தில் தட்டியது என்று பாடியவருக்கே தெரியாததை எடுத்துச் சொல்கிறீர்கள். என் மனத்தாங்கல் வேறு. ஒரு பிள்ளை பாடி முடித்ததும் உங்களில் ஒருவர் எழுந்து நின்று, "கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன்ப்பா, அப்படியே ஒரிஜினல் கேட்ட மாதிரியே இருந்துச்சு" என்கிறீர்கள். அரங்கம் அதிர்கிறது. இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது என்று அந்தப் பிள்ளையும் நம்பிவிடுகிறது. அடுத்த சுற்றுக்கு, மூச்சு வாங்கும் இடத்தைக்கூட ஒலிப்பதிவில் இருப்பதுபோலவே பழகிக்கொண்டு வந்து நிற்கிறது.

அந்த 'ஒரிஜினல்' எது என்பதில்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

குரல்வளத்தைக் காட்ட நினைக்கும் பெண்கள் தேடிப்போய் எடுக்கும் பாட்டு 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1992இல் வந்த அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனின் பதிவை வைத்துத்தான் அவர்களை அளக்கிறீர்கள். அந்த அளவுகோலே ஒரு கவர்தான், அதாவது இன்னொருவர் பாட்டை எடுத்து மறுபடி பாடியது. பாட்டை எழுதி, 1974இல் தன் குரலிலேயே வெளியிட்டவர் டாலி பார்ட்டன் என்ற இன்னொரு அமெரிக்கப் பாடகி. தன்னை மேடையேற்றி வளர்த்த கூட்டாளியை விட்டுப் பிரியும்போது எழுதியது. டாலி அதை அடக்கமாக, விடைபெறும் குரலில் பாடியிருப்பார். பிற்பகுதியில் சில வரிகளைப் பாடாமல் பேசவே செய்வார். விட்னியின் பதிவோ வாத்தியமே இல்லாமல் தொடங்குகிறது. வெறும் குரல், எடுத்த எடுப்பில் தனியாக நிற்கிறது. பின்னால் எல்லாம் ஓய்ந்து ஒரு கணம் அமைதி. பிறகு ஒரே ஒரு டிரம் அடி. அங்கிருந்து சுருதி ஏறிப் பாட்டு வேறொரு உயரத்துக்குப் போகிறது. டாலியின் பதிவில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? அன்றைக்கு விட்னி உங்கள் மேடைக்கு வந்திருந்தால், "குரல் பிரமாதம்மா, ஆனா அந்தப் பேசுற வரிகளை ஏன் பாடிட்டே?" என்று கேட்டு நாலு மதிப்பெண்ணைக் குறைத்திருப்பீர்கள்.

'ஹாலெலூயா' கதை இன்னும் சிக்கல். கனடாக் கவிஞரும் பாடகருமான லெனார்ட் கோஹன் தானே எழுதி 1984இல் பாடியபோது அதில் சின்தசைசரும் கோரஸும் கனமாக இருந்தன. 1991இல் ஜான் கேல் அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு பியானோவோடு உட்கார்ந்தார். கோஹன் எழுதிக் குவித்திருந்த வரிகளை வரவழைத்து, தனக்கு வேண்டியவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டார். கேலின் பதிவைக் கேட்டு வளர்த்ததுதான் 1994இல் வந்த ஜெஃப் பக்லியின் கிட்டார் வடிவம். இன்று இந்தப் பாட்டைப் பாட வருகிற பையன் பெரும்பாலும் பக்லியைத்தான் மனப்பாடம் செய்திருப்பான். அவனிடம் போய் "ஒரிஜினல் மாதிரியே இருந்துச்சு" என்றால், யாருக்கு அந்தப் பாராட்டு?

கவர் என்றாலே சிலருக்கு இளக்காரம். சொந்தச் சரக்கு இல்லாதவர் செய்கிற வேலை என்பார்கள். அவர்கள் ஓட்டிஸ் ரெடிங்கின் 'ரெஸ்பெக்ட்' பாட்டையும் அரீதா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். 1965இல் ஓட்டிஸ் பாடியபோது அது சம்பாதித்துக் கொண்டுவருகிற ஆம்பிளையின் முறையீடு: வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் மரியாதை கொடு. 1967இல் அரீதா அதைப் பெண்ணின் வாயில் வைத்தார். கெஞ்சல் போய் நிபந்தனை வந்துவிட்டது. அந்தச் சொல்லை ஓரெழுத்து ஓரெழுத்தாகப் பிரித்துக் கூவுகிற இடம் இருக்கிறதே, இன்றைக்கு அந்தப் பாட்டென்றாலே நினைவுக்கு வருவது அதுதான், அது ஓட்டிஸிடம் கிடையவே கிடையாது. பின்னணியில் அரீதாவின் சகோதரிகள் கொடுக்கும் பதில் குரல்களும் புதுசு. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் மான்ட்டரே இசைவிழா மேடையில் ஓட்டிஸே, ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு இது என்ற பொருளில் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் பாடினார்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்'. 'நைன் இன்ச் நெய்ல்ஸ்' என்ற ராக் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் அதை எழுதி 1994இல் வெளியிட்டபோது முப்பதுகூட ஆகவில்லை. தன்னைத் தானே வதைத்துக்கொள்ளும் இளைஞனின் பாட்டு; இயந்திர இரைச்சலுக்கு நடுவே முணுமுணுப்பாக வரும். கேஷ் அதைப் பாடி வெளியிட்ட 2002இல் அவருக்கு வயது 70, உடம்பும் தளர்ந்திருந்தது. மெட்டில் பெரிதாக எதையும் தொடவில்லை. இரைச்சலை எடுத்துவிட்டு கிட்டாரையும் பியானோவையும் முன்னால் வைத்துக்கொண்டார். கடைசியில் பியானோவின் ஒரே சுரம் திரும்பத் திரும்ப விழுந்து, ஏறி ஏறி, குரலையே அமுக்கப் பார்க்கும். குரலும் கரகரத்துப் போய்த்தான் இருக்கிறது. உங்கள் தாளில் அதற்கு எத்தனை குறை போடுவீர்களோ தெரியாது. வரிகளில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார்: தலையில் சூடியிருக்கும் கிரீடத்துக்கு ரெஸ்னர் வைத்திருந்த வசைச்சொல்லை எடுத்துவிட்டு, இயேசுவின் தலையில் வைத்த முள்முடி நினைவுக்கு வரும்படி, முள்முடி என்று பாடினார். விசுவாசியான கிழவர் வாயில் அந்த ஒரு சொல் போதும், பாட்டு முழுக்க வேறு ஆளின் கணக்கு வழக்காகிவிடுகிறது. இழந்ததையெல்லாம் எண்ணிப் பார்க்கிற வயசு அந்த வரிகளுக்காகக் காத்திருந்ததுபோல் இருக்கும். பாட்டு இனி தன்னுடையதில்லை என்று ரெஸ்னரே ஒப்புக்கொண்டார்.

மாற்றினால் போதும், எல்லாம் கலை என்று நான் வாதாட வரவில்லை. எந்தப் பாட்டையும் பாதி வேகத்துக்கு இழுத்து, காதோரம் கிசுகிசுத்துப் பாடினால் ஆழம் வந்துவிடும் என்றொரு நோய் பரவியிருக்கிறது. அடியில் ஒரு பீட்டைத் தட்டிவிட்டுப் புதுசு என்பது அதைவிட மோசம். விட்னியும் அரீதாவும் கேஷும் மாற்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. பாட்டுக்குள் பேசுகிற ஆள் யார் என்று முடிவு செய்துகொண்டு, அந்த ஆளுக்கு இடைஞ்சலாக இருந்ததைத்தான் எடுத்தார்கள். அது தெரியாமல் கைவைத்தால் சிதைப்புதான், அதற்குத் தாராளமாகக் குறையுங்கள்.

அதேபோல் பிரதி எடுப்பதும் கேவலமில்லை. கற்றுக்கொள்கிற காலத்தில் அப்படித்தான் பாட வேண்டும்; குருவின் சங்கதியை, அதாவது ஒரு வரியை அவர் வளைத்துப் பாடும் விதத்தை, அட்சரம் பிசகாமல் பிடித்த பிறகுதான் சொந்தச் சங்கதி வரும். கர்நாடக இசையின் நிரவலில் ஒரே வரியை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்க்கிறோம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்சியில் அந்தச் சுதந்திரத்தை அறிந்த நீங்களே, மேடையில் பிள்ளைகளுக்கு அதை மறுப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பழி முழுக்க உங்கள் மேல் இல்லை என்பதும் தெரியும். பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் பதிந்த கரோக்கி டிராக் ஓடுகிற வரைக்கும் பாடுகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வேகம் அதிலேயே பூட்டியிருக்கிறது. இடையிசை எத்தனை தாளம் என்று முடிவாகியிருக்கிறது. ஒரு சொல்லில் நின்று யோசிக்க நினைத்தால் டிராக் நிற்காமல் போய்விடும். அதோடு ஓடத்தான் முடியும், ஓடினால் நகல்தான் வரும்.

ஆகவே என் வேண்டுகோள். தயாரிப்பாளர்களிடம் சொல்லி ஒரே ஒரு சுற்றிலாவது அந்த டிராக்கை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பியானோவோ கிட்டாரோ வீணையோ, ஏதாவது ஒரு வாத்தியமும் அதை வாசிக்க ஒருவரும் போதும். சுருதியையும் வேகத்தையும் பாடுகிறவரே முடிவு செய்யட்டும். பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர், முதலில் பாடியவர் மூவர் பெயரையும் அவரே சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். பாடி முடித்ததும், "இந்த இடத்தை ஏன் இப்படி மாத்தினே?" என்று நீங்கள் கேளுங்கள். சரியான பதில் வந்தால், குரல் ஓரிடத்தில் உடைந்திருந்தாலும் மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நிகழ்ச்சிகளைத் தவறாமல் பார்க்கும் ஒரு ரசிகர்