அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மனநலப் பக்கத்தில் தூக்கமின்மை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செல்போன் வெளிச்சம், வேலைக் கவலை, நேரம் கெட்ட நேரத்தில் படுப்பது என்று வரிசையாகக் காரணம் சொல்லியிருந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவரிடம் உள்ள பயத்தாலும் தூக்கம் வராது என்பது அதில் இல்லை. எனக்கு ஆறு வருடம் அப்படித்தான் தூக்கம் போனது.

அந்த ஆறு வருடமும் நான் மனநலச் சிகிச்சையில்தான் இருந்தேன். மூன்று டாக்டர்கள், ஒரு கவுன்சலர். முதலில் பதற்றம் என்றார்கள், பிறகு மனச்சோர்வு என்றார்கள், அப்புறம் இரண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் என் கணவர் கூடவே வருவார். டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் அவர்தான் உட்காருவார். "எப்படி இருக்கீங்க?" என்று என்னைக் கேட்டால், "எதுக்கெடுத்தாலும் அழறா டாக்டர்" என்று பதில் அவரிடமிருந்து வரும். ஒன்பது கேள்விகள் உள்ள தாளை என்னிடம் நீட்டினால், பேனாவை அவர் வாங்கிக்கொள்வார். இவ்வளவு அக்கறையான கணவரா என்று அங்கே எல்லோருக்கும் அவர்மேல் தனி மரியாதை.

ஒருநாள் என் குரல் கம்மிப்போயிருந்தது. எச்சில் விழுங்கினாலே வலித்தது. "சளி பிடிச்சிருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "ஆமா டாக்டர், ரெண்டு நாளா" என்றார் என் கணவர். இரண்டு நாளுக்கு முன்னால் அவர் என் கழுத்தை நெரித்திருந்தார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. நெரித்தால் பல நேரம் தோலில் ஒன்றுமே தெரியாது, குரல் மாறுவதும் விழுங்க முடியாமல் போவதும்கூட அதன் அடையாளம்தான் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். துணை ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னால் அதே கையால் கொலையாகும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் என்று 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. இதை இன்று எழுதும்போதும் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.

கவுன்சலர் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "மனசுல இருக்கிறதை அவர்கிட்டயே சொல்லுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் நம்பி, "அவர் கத்தினா பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அங்கே தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவர், கார் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் பயப்படும்போது இருவரையும் சேர்த்துவைத்துப் பேசுவது சிகிச்சையே ஆகாது. அங்கே சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும்.

மாத்திரை டப்பாவும் அவர் பொறுப்பில்தான். சண்டை வந்தால் காலை மாத்திரை கிடைக்காது. நான் அதிகம் பேசிவிட்டால் தூக்க மாத்திரை இரண்டாகிவிடும். "உனக்குப் பைத்தியம்னு ஃபைலே இருக்கு, நீ சொன்னா யார் நம்புவா?" என்பார். அவர் அடித்ததைவிட அந்த ஒரு வாக்கியம்தான் என்னை அதிக நாள் வாயடைத்து வைத்தது.

கடைசியில் கேட்டது ஒரு நர்ஸ். எடை பார்க்க உள்ளே கூப்பிட்டார், கணவர் எழுந்தபோது "நீங்க இருங்க சார், இங்க ஒருத்தர்தான்" என்றார். கதவைச் சாத்திவிட்டு, "இங்க வர்ற எல்லார்கிட்டயும் தனியா இதைக் கேட்போம். வீட்ல யாரைப் பார்த்தாவது பயமா இருக்காம்மா?" என்றார். இல்லை என்றேன். அவர் துருவவில்லை. "சரிம்மா, எப்பவாவது சொல்லணும்னு தோணினா சொல்லுங்க" என்று எடையை எழுதிக்கொண்டார். நாலு மாதம் கழித்து, அதே எடைக் கருவிமேல் நின்றபடி, அவர் கேட்பதற்கு முன்னால் "இருக்கு" என்றேன்.

அதன் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தைத்தான் எல்லா மனநல ஊழியர்களும் கற்றுக்கொள்ள வேண்டும். ஏன் இத்தனை நாள் பொறுத்தீர்கள் என்று கேட்கவில்லை. உடனே பிரிந்து வந்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. பிரியும் சமயம்தான் ஆபத்து மிக அதிகம், திட்டமில்லாமல் கிளம்பக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அடி சமீபத்தில் அதிகமாகியிருக்கிறதா, கழுத்தை நெரித்தாரா, கொன்றுவிடுவேன் என்றாரா, இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோப்பில் என்ன எழுதப்போகிறார், அதை யார் யார் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினார். என் போனைக் கணவர் பார்ப்பார் என்றதும், இனி வரும் குறுஞ்செய்தியில் தேதியும் நேரமும் தவிர ஒன்றும் இருக்காது என்றார். உதவி எண்ணைத் தாளில் தராமல், எனக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லவைத்தார். எட்டு மாதம் கழித்து நான் வெளியே வந்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என்று வரும் பெண்ணிடம் வன்முறை பற்றிக் கேளுங்கள், ஆனால் தனியாகக் கேளுங்கள் என்கிறது. துணையோடு வாழ்ந்த 15 முதல் 49 வயதுப் பெண்களில் 27 சதவீதம் பேர் அந்தத் துணையிடம் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையை அனுபவித்தவர்கள் என்று அதே நிறுவனம் 2021-ல் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் இப்போது மனநல மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்!

நான் கேட்பது ஒன்றுதான். மனநலச் சிகிச்சைக்கு யார் வந்தாலும், ஆணோ பெண்ணோ, முதல் பத்து நிமிடம் தனியாகப் பார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள். எல்லோருக்கும் பொது விதி என்றால், கூட வந்தவருக்குச் சந்தேகம் வராது. கேட்ட பிறகு என்ன செய்வது, எங்கே அனுப்புவது என்றும் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது தெரியாமல் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்தால், அடுத்த தடவை அந்தப் பெண் வாயே திறக்க மாட்டாள்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரும் ஊரும் வேண்டாம். பதில் எழுதுவதாக இருந்தால் உறையின் பின்பக்கம் உள்ள தோழியின் முகவரிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்